மலேசியா சிம்முக்கு வைத்த கட்டைவிரல்

என் பெயர் ஸ்வர்ணலதா. வயது ஐம்பத்திரண்டு. கணவர் பெயர் தனகோடி. ஆரணி டவுன், புதுத்தெருவில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் கணவர் வீட்டுத் தறியில் பட்டுச் சேலை நெய்கிறார். நான் பாவு பிணைக்கும் வேலை செய்கிறேன். அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு சாம்பல் தொட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாகத் திரித்துச் சேர்ப்பது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான்தான் எழுதிக்கொள்ளச் சொன்னேன். இந்த வழக்கே அந்த விரலால் வந்தது.

பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமார் என்பவரின் கைரேகை மெஷினை நான் உடைத்துவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கிறார். உடைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஏன் உடைத்தேன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் மணிமேகலை அம்மாவிடம் முதலிலேயே சொன்னேன். அவர் சரி என்றார். ரஞ்சித்குமாரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் ரைட்டர் சொல்கிறார். அவர் எழுதுவது அவர் இஷ்டம். நான் சொல்வது ‘அவன்’ என்றுதான்.

எங்களுக்கு ஒரே மகள், காவ்யா. மருமகன் சந்தோஷ் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகளும் அவருடன் அங்கேதான் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். சம்பந்தியம்மாள் உயிரோடு இல்லை. ரத்தக்கொதிப்பு இருப்பதால் மகள் விமானத்தில் ஏறக்கூடாது என்று அந்த ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே நான் போய்ப் பிரசவம் பார்ப்பது என்று முடிவாகி, பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட்டும் போட்டாயிற்று. நான் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. ஏர்போர்ட்டிலேயே சிம் விற்பார்கள், இறங்கியதும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்யுங்கள் அத்தை என்று மருமகன் சொல்லியிருந்தார். பாஷை தெரியாத ஊரில் யாரைப் போய் எப்படிக் கேட்பது? புறப்படுவதற்கு முன் இங்கேயே வாங்கிவிடலாம் என்று மேற்படி ரஞ்சித்குமாரின் கடைக்குப் போனேன்.

அவன், “அங்க போயி லைன்ல நின்னுகினு இங்கிலீஷ்ல பேசிகினு இருப்பியாக்கா? மலேசியா சிம்மு நம்மகிட்டயே கீது. ஃபிளைட்ட வுட்டு எறங்கின ஒடனே டவர் வந்துடும்” என்றான். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஆதார் அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். நகல் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு கைரேகை மெஷினை எடுத்து என் முன்னால் வைத்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாவு பிணைக்கிற பெண்களுக்குக் கட்டைவிரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேஷன் கடையில் எங்கள் தெருப் பெண்கள் மெஷினில் விரல் வைப்பதற்கு முன் அதைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வோம். எண்ணெய்ப் பசை ஒட்டினால் சில நேரம் மெஷின் எடுத்துக்கொள்ளும். சில நேரம் எதைச் செய்தாலும் எடுக்காது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மறுபடி வைப்போம். விழவில்லை, இன்னொரு முறை வை என்று யாராவது சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்திக்கும் சந்தேகம் வராது. அது எங்களுக்குப் பழகிப்போன பேச்சு.

அவன் அதைத்தான் சொன்னான். “விழலக்கா, இன்னொரு தபா வை.” வைத்தேன். சிறிது நேரம் செல்போனில் எதையோ தட்டினான். “இப்பவும் விழல. மறுபடியும் வைக்கா.” வைத்தேன். அதன் பிறகும் வைக்கச் சொன்னான். நடுவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “என் விரலு எப்பவுமே பேஜார்தான் தம்பி, தப்பா நெனச்சிக்காத” என்று நான்தான் அவனிடம் கெஞ்சினேன். அவனும், “பரவால்லக்கா, ஜல்தியா ஒண்ணுமில்ல, பொறுமையா வை” என்றான்.

கடைசியில் விழுந்துவிட்டது என்று சொல்லி, ஒரு சிம்மைக் கவரில் போட்டுக் கொடுத்தான். அதைப் பாஸ்போர்ட்டுடன் சேர்த்துச் சாமி மாடத்தில் வைத்தேன்.

அதன் பிறகு, புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது நான் வழக்கமாகப் பேசுகிற போனில் டவர் இல்லாமல் போனது. மறுநாள் சைபர் கிரைம் போலீஸார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என்னை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். என் பெயரில் இன்னும் மூன்று நம்பர்கள் இருப்பதாகவும், அவை ஏதோ ஒரு வெளிநாட்டில் இருந்து இயங்குவதாகவும், ஆகவே என் பெயரில் உள்ள எல்லா நம்பரையும் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்கள். அங்கே தெள்ளாரைச் சேர்ந்த அந்தோணியம்மாள் என்கிற ஓய்வு பெற்ற டீச்சர் உட்கார்ந்திருந்தார். அந்த நம்பர்களில் ஒன்றிலிருந்து போலீஸ் அதிகாரி போலப் பேசி, உன்னைக் கைது செய்யப்போகிறோம் என்று மிரட்டி, அவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “நீயும் ஒரு பொம்பளதானே? உன் பேர்லதானே கீது அந்த நம்பரு?” என்று கத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அறைந்திருப்பேன்.

நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த ஒரு போலீஸ்காரர், “மலேசியா சிம்முக்குப் பாஸ்போர்ட் காப்பி போதுமேம்மா. நம்ம ஊரு சிம்முக்குத்தான் ரேகை வேணும். எதுக்கு வெச்சீங்க?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் விழவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு சிம் என் பெயரில் எடுத்து எவனிடமோ விற்றிருக்கிறான். அரிசி வாங்கப் போனால் விழாத என் ரேகை, அடுத்தவர் குடியைக் கெடுக்க மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போகக்கூடாது, அந்தக் கடையைப் பற்றி யாரிடமும் பேசவும் கூடாது என்று சொல்லி, என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் குழந்தை பிறப்பது விசாரணை முடியும் வரை காத்திருக்குமா என்று கேட்டேன். என் விமானம் நான் இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளின் போனில் மகள், “எம்மா, வலி வந்துட்டா நான் யார் கையப் புடிச்சிக்கிறது?” என்று கேட்டாள். நாளைக்கு வந்துவிடுவேன் என்று பொய் சொன்னேன்.

சம்பவத்தன்று காலை ரஞ்சித்குமாரிடம் நாலு வார்த்தை கேட்பதற்காகவே கடைக்குப் போனேன். கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. அங்கே கன்னியம்மாள் புது சிம் வாங்க வந்து நின்றிருந்தாள். அவளும் பாவு பிணைக்கிறவள். கட்டைவிரலைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டீ கிளாஸ் இருந்தது. அவன், “விழலக்கா, இன்னொரு தபா வை” என்றான்.

அதே வார்த்தை. அதே குரல். அதன் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை வயரோடு பிடுங்கி வாசற்படியில் வைத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லை எடுத்து, உடையும் வரை குத்தினேன். அவன், “மெஷினு வெல இன்னா தெரியுமா?” என்று கத்தினான். “என் பேரு வெல இன்னாடா? அத எவன்கிட்ட எவ்ளோக்கு வித்த, சொல்லுடா!” என்றேன். அவனை நான் தொடவில்லை. தொட்டேன் என்று புகாரில் இருந்தால் அது பொய். யாரும் என்னைப் பிடித்து வரவும் இல்லை. நானேதான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கன்னியம்மாள் தன் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வீடியோவில் மருமகன். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மகள் முகம் வெளுத்துப்போயிருந்தது. “எம்மா, எங்கம்மா கீற? பின்னால போலீஸ் நிக்கிறாங்க?” என்று கேட்டாள். பாஸ்போர்ட் விஷயமாக வந்தேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். குழந்தையைக் காட்டினாள். கையை இறுக்க மூடிக்கொண்டிருந்தது. அப்படியே வைத்துக்கொள் கண்ணு, எவன் கேட்டாலும் திறக்காதே என்று சத்தமாகவே சொன்னேன். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

மெஷினை உடைத்ததற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அந்தக் கடையில் விரல் வைத்த எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தி பெயரிலும் எத்தனை நம்பர் ஓடுகிறது என்று பாருங்கள். முதலில் கன்னியம்மாள் பெயரைப் பாருங்கள். என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். பிரசவத்துக்குத்தான் போக முடியவில்லை, பெயர் வைக்கவாவது நான் போக வேண்டும்.

இதில் உள்ளவை அத்தனையும் நடந்தது நடந்தபடி நான் சொன்னவை. ரைட்டர் படித்துக் காட்டினார். என் வார்த்தைதான் என்று கேட்டு ஒப்புக்கொண்டேன். முடிவில் கான்ஸ்டபிள் மைப்பெட்டியைத் திறந்து நீட்டி, “ரேகை வைங்கம்மா” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பேனாவைக் கேட்டு வாங்கினேன்.

(ஒப்பம்) த. ஸ்வர்ணலதா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. வாக்குமூலம் அளித்தவர் கைரேகை வைக்க மறுத்து, முழுப் பெயரையும் தம் கையால் எழுதினார்.

(ஒப்பம்) மணிமேகலை, சப்-இன்ஸ்பெக்டர்