பதினோராவது வரி

எங்கள் ஆங்கில வகுப்பில் புதன்கிழமைகளில் சமோசா உண்டு. அதனால் புதன்கிழமை யாரும் விடுப்பு எடுப்பதில்லை. வியாழக்கிழமை பாதிப் பேர் வருவதில்லை. ஏழு மாதமாக இதைக் குறித்து வைத்திருக்கிறேன். குறித்து வைப்பது என் பழக்கம். செய்தது சரியா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். என்ன செய்தேன் என்பதாவது தெளிவாக இருக்கட்டுமே என்று எழுதி வைப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நீளத்துக்கு என் ஆங்கிலம் தாங்காது.

என் பெயர் அஷ்வின். வயது இருபத்து நான்கு. ஊர் போலகம்; அப்பா நெல் விவசாயம். நான் காரைக்கால் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஆறு மணிக்குக் கடையை விட்டதும் தருமபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போவேன். நடத்துபவர் விஷ்ணுப்ரியா மிஸ். அவருக்கென்று ஒரு முறை உண்டு. எல்லோரும் தினமும் பத்து வரி ஆங்கிலத்தில் டைரி எழுத வேண்டும், பென்சிலால். பக்கத்து இருக்கைக்காரர் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருத்திக்கொண்டு வர வேண்டும். எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும்.

"கதை விடாதீங்க. நடந்தத எழுதுங்க. நடந்ததுதான் தப்பில்லாம வரும்" என்பார் மிஸ்.

இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் வாயைத் திறக்காதவர்கள் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். அன்பழகன் என்று ஒருவர், மனைவி வைக்கும் குழம்பு தனக்குப் பிடிக்காது என்று பத்து வரி எழுதி, அந்த மனைவியின் சித்தி மகனிடமே திருத்தக் கொடுத்தார். எதுவும் நடக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அது பாடம். பாடத்தை யாரும் சங்கதியாக எடுத்துக்கொள்வதில்லை.

என் பக்கத்து இருக்கை எழில்மதி. மண்டபத்தூர் போகிற வழியில் இருக்கும் செவ்வந்தி வாட்டர் என்ற கேன் தண்ணீர்க் கம்பெனியில் வேலை. தண்ணீர் மாதிரியைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. அவள் அப்பா கருப்பையன் அதே கம்பெனியின் வண்டியில் கேன் கொண்டுபோய்ப் போடுகிறார். குடும்பம் குடியிருப்பது கம்பெனிக்குப் பின்னால் முதலாளி கொடுத்த வீட்டில். ஆக, சோறு, வேலை, கூரை மூன்றும் ஒரே கையில் இருந்தன.

மே மாதம் ஒருநாள் அவள் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள். தமிழில் சொல்கிறேன்: நேற்று நான் வேறு கம்பெனித் தண்ணீர் வாங்கினேன். அதை எங்கள் மாதிரி பாட்டிலில் ஊற்றினேன். எங்கள் லேபிளை ஒட்டினேன். பரிசோதனைக்கு அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் இப்படிச் செய்கிறேன். எங்கள் தண்ணீரை அனுப்பினால் தேறாது. இந்த வாரம் ஒரு விடுதியில் இருபது பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. அவர்கள் குடிப்பது எங்கள் கேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. முதலாளி சொல்லித்தான் செய்கிறேன்.

மூன்று பிழைகள் இருந்தன. திருத்தி, 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் இரண்டாம் வாரம், ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்கும் முகநூல் குழு ஒன்றில் 'தாகம்' என்ற பெயரில் ஒருவர் ஆறு படங்கள் போட்டார். வேறு கம்பெனியின் கேன், அதிலிருந்து நிரம்பும் மாதிரி பாட்டில், அதன்மேல் செவ்வந்தி லேபிள், 'தண்ணீர் சுத்தமானது' என்று வந்த அறிக்கை, இப்படி வரிசையாக. கீழே நான்கே வாக்கியங்கள். வசவு இல்லை. அன்றே அந்தக் கணக்கு அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் படங்கள் அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கைப்பேசிக்கும் போய்விட்டன.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் இருந்த மாதிரி ஒரு கலகலப்பை நான் பார்த்ததில்லை. டீக்கடை கோவிந்தராசு அண்ணன் தண்ணீர் கொதிக்கும் அண்டாவைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து, "கண்ணால பாத்துட்டுக் குடிங்க" என்றார். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைக்கிற அன்று செவ்வந்தி முதலாளி வைத்தியலிங்கம் வழக்கம்போலத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். கூட்டம் மாம்பழத்துக்கு முட்டி மோதியது. பந்தல் பக்கம் ஒரு குழந்தைகூடப் போகவில்லை. அவரே ஒரு டம்ளர் எடுத்துக் குடித்துக் காட்டினார். "பாவம், ராத்திரி என்ன ஆவப்போறாரோ" என்று ஒரு அம்மாள் சொல்ல, அந்தத் தெருவே சிரித்தது.

தாகம் ஒரு வழியைக் காட்டிவிட்டதால் மற்றவர்களும் தொடங்கினார்கள். நெய் பிஸ்கட்டில் நெய் இல்லை என்று பேக்கரியில் வேலை பார்த்தவர் போட்டார். கல்யாண மண்டபத்து எண்ணெய் எத்தனை கல்யாணம் கண்டது என்று சமையல் உதவியாள் ஒருவர் படத்தோடு போட்டார். யார் எதைப் போடுவார்களோ என்று பயந்து எல்லோரும் முன்கூட்டியே நல்லவர்கள் ஆனார்கள். மீன் விற்கிற அக்கா கேட்பதற்கு முன்பே சொன்னது: "இது நேத்து மீனு தம்பி. நானே சொல்லிட்டேன், படம் புடிச்சுப் போட்டுறாத." தீமையும் இருந்தது. இரண்டு வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நான் நோட்டில் கணக்குப் பார்த்தேன். நல்லது பதினான்கு, கெட்டது ஆறு. ரகசியம் வெளியே வருவது சமூகத்துக்கு நல்லது என்ற முடிவுக்கு வந்தேன். இன்றும் அந்த முடிவில் மாற்றமில்லை.

தாகம் யார் என்பதுதான் ஊரின் ஒரே கேள்வியாக இருந்தது. கோவிந்தராசு அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

"எப்பப் பாத்தாலும் நோட்டுல என்னமோ குறிச்சிக்கிட்டே இருக்கான். வேலை பாக்குறது ஜெராக்ஸ் கடை. வேற யாருங்கிறீங்க?"

"நான் இல்லண்ணே" என்றேன்.

"நீ இல்லன்னு நாங்களும்தான் சொல்றோம். சும்மா டீயக் குடி."

பதினோரு பேரிடம் மறுத்தேன். மறுக்க மறுக்க அவர்களுக்கு நம்பிக்கை கூடியது. பன்னிரண்டாவது ஆளிடம் சிரித்துவிட்டு நகர்ந்தேன். சிரிப்பது பொய் சொல்வதாகாது. தெருவில் போனால் "தாகம் தம்பி" என்று பெரியவர்கள் வழிவிட்டார்கள். பேருந்தில் இடம் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் கடை முதலாளி முதல் முறையாக என்னை 'வாங்க' என்றார். நான் பள்ளியில்கூடப் பரிசு வாங்கியவன் அல்ல. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஒரு புதன்கிழமை, சமோசாத் தட்டு நடுவில் இருக்க, எழில்மதி குரலைத் தாழ்த்தி, "தாகம் யாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல அஷ்வின்?" என்றாள்.

"தெரியும். நோட்டில் எழுதியிருந்தீங்களே."

"அய்யோ, அத எழுதிட்டனா." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் நீங்கதான்னு நெனக்கிறாங்களே, ஒங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"பரவாயில்லை."

"நல்லதாப் போச்சு போங்க. ஒங்க மேல சந்தேகம் இருக்கற வரைக்கும் எங்கப்பா நிம்மதியா வண்டி ஓட்டுவாரு."

கைப்பேசியில் அந்தப் படங்களை வைத்திருப்பது ஆபத்து என்று அவளிடம் சொன்னேன். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தாள். அது நல்ல யோசனை என்றுதான் அன்று இருவருமே நினைத்தோம்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து படி இறங்கும்போது அவள் நின்றாள்.

"திங்கக்கெழம உணவுப் பாதுகாப்பு அதிகாரி கம்பெனிக்கு வர்றாராம். நான் பேரச் சொல்லிடப் போறேன். அந்தப் பிள்ளைங்க குடிச்ச தண்ணிக்கு லேபிள் ஒட்டுனது இந்தக் கைதான். ஒளிஞ்சிக்கிட்டு இருக்க முடியல."

"வீடு?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். போனா போவுது, கீத்துக் கொட்டாய் போட்டுக்கலாம்னுட்டாரு. நீங்களும் பாவம், எத்தன நாளைக்கு எனக்காகத் தாங்குவீங்க. திங்கக்கெழமயோட ஒங்களுக்கு விடுதலை."

நன்றி சொன்னேன். திருத்துவதற்காக அவள் நோட்டு என் பையில் இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் யோசித்தேன். அவள் ஏன் பெயரைச் சொல்லக் கூடாது என்று காரணங்களை எழுதினேன். அவள் வீடு போகும். அப்பா வேலை போகும். அம்மா பயப்படுவார். வேறு வேலை கிடைக்காது. கல்யாணம் தள்ளிப்போகும். கம்பெனியில் வேலை பார்க்கும் மற்றவர்கள் பாதிக்கப்படுவார்கள். ஏழாவதாக, ஒருவரை நம்பி மரியாதை கொடுத்துவிட்ட ஊர் வீணாகக் குழம்பும். ஏழில் ஆறு அவளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள காரணங்கள். எனக்கென்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வைத்தியலிங்கம் வீட்டுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மிரட்டவும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க தம்பி. தாகம்னா நீங்கதான? பேசித் தீத்துக்கலாம், உக்காருங்க. காப்பி சாப்புடுங்க."

காப்பி வந்தது. சமையலறையில் வேறு கம்பெனித் தண்ணீர்க் கேன் இருந்ததைக் கவனித்தேன்.

"நான் இல்லீங்க" என்றேன். நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இங்கிலீசு நமக்கு ஓடாது. நீங்களே படிச்சிச் சொல்லிருங்க."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வாங்கினேன், ஊற்றினேன், ஒட்டினேன், அனுப்பினேன். ஒன்றும் கூட்டவில்லை. அவர் நெற்றி வேர்த்துக்கொண்டே வந்தது. முடித்ததும் சன்னமான குரலில் கேட்டார்.

"நான் சொல்லித்தான் செஞ்சேன்னு எழுதலையா?"

"இல்லீங்க. பத்து வரிதான் இருக்கு."

அவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது என்று நினைக்கிறேன்.

உண்மையில் அந்தப் பக்கத்தில் பதினோரு வரி இருந்தது. மே மாதமே நான் கவனித்திருக்க வேண்டும். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது என்பது மிஸ்ஸின் விதி. அன்று தவறவிட்டதை ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ரப்பரால் சரி செய்தேன். எந்த வரியை எடுப்பது என்று கொஞ்சம் தயங்கினேன். கடைசியில் கூடுதலாக வந்த வரி கடைசி வரிதான் என்பதால் அதை எடுத்தேன். அழித்த தடம் தெரியாமல் ஊதிவிட்டேன். பிழை திருத்துவது என் கடமை. தாமதமானது மட்டும்தான் என் குற்றம் என்று அன்று நினைத்தேன்.

"நோட்டு என்கிட்ட இருக்கட்டும். நீங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம் தம்பி" என்றார்.

"எனக்கும் அதுதாங்க நல்லது" என்றேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு ஆள் வந்தது. கம்பெனியில் அதிகாரி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். வாசலில் நல்ல கூட்டம். எனக்கு வழிவிட்டார்கள்; ஒருவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அலுவலக அறையில் மேசைமேல் நோட்டு விரித்துக் கிடந்தது. வைத்தியலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மகளாட்டம் வச்சிருந்தேன் சார். சோம்பேறித்தனத்துல எனக்குத் தெரியாம எத்தன மாசமா இப்பிடி. கைப்பட எழுதியிருக்கு, பாருங்க." சுவரோரம் கருப்பையன் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். எழில்மதி மட்டும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வந்துட்டாரு சார். அவரக் கேளுங்க. இந்தப் பக்கத்துல இன்னொரு வரி இருந்திச்சு, அவரு படிச்சிருக்காரு. படத்தப் போட்டது நான்தான்னும் அவருக்குத் தெரியும்."

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். நியாயமானவர் போல இருந்தார். "ஊர்ல வேற மாதிரி சொல்றாங்களேம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கத்துல வேற வரி இருந்துதா?"

"வகுப்பில் பத்து வரிதான் எழுதணும் சார்."

"சரி. படத்தப் போட்டது யாரு? நீங்களா, இவங்களா?"

ஜன்னலுக்கு வெளியே கோவிந்தராசு அண்ணன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மீன் விற்கிற அக்கா, பேக்கரி ஆட்கள், இன்னும் யார் யாரோ. ஒரு பத்து விநாடி யோசித்திருப்பேன்.

"நான்தான் சார்" என்றேன்.

வெளியே கை தட்டினார்கள்.

"படம் ஒங்களுக்கு யார் குடுத்தா?"

"அதச் சொல்ல முடியாதுங்க சார். நம்பிக் குடுத்தவங்களக் காட்டிக் குடுக்கக் கூடாது."

அதிகாரி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். இந்த மாதிரி இளைஞர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் தன் வேலை பாதியாகிவிடும் என்றார். எழில்மதிமேல் வழக்குப் பதிவானது. அன்று மாலையே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது யாரோ மண்ணை வாரி வீசினார்களாம், பிள்ளைகளின் வயிற்றில் அடித்தவள் என்று. எனக்கு வருத்தமாக இருந்தது. செவ்வந்தி இப்போது வேறு பெயரில் நடக்கிறது. தண்ணீரை உண்மையாகவே சோதிக்கிறார்கள், ஊர் நல்ல தண்ணீர் குடிக்கிறது. இதையும் நல்லது பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

அந்த அறையில் நடந்த ஒன்றை மட்டும் பல முறை யோசித்துப் பார்த்தேன். அதிகாரி என் கையைப் பிடித்திருந்த நேரம் முழுவதும் எழில்மதி கண் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று சொல்ல அவளுக்குப் போதிய நேரம் இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் இதில் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.