உலர்ந்த ஆரக்கால்கள்

எங்கள் ஊரில் துணி காயப்போடுவது ஒரு வேலையே இல்லை. கடைசித் துணியைக் கொடியில் போடும்போது முதல் துணி காய்ந்திருக்கும். நீங்கள் போர்ட்லண்டிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று சொன்னீர்கள். மழைக்கார ஊர். டூசானில் ஒரு ஜூன் மாதம் இருந்து பாருங்கள். உதடு வெடிக்கும். கதவு சட்டத்தை விட்டு விலகும். மரம் என்று எது இருந்தாலும் இளைத்துப்போகும்.

அப்பாவின் காருக்கு மரச் சக்கரங்கள். 1924-இல் செய்த பேக்கார்டு. அவருடைய அப்பா வசதியாக இருந்த காலத்தில் வாங்கியது. அந்தச் சக்கரத்தில் ஆணி, பசை எதுவும் கிடையாது. ஆரக்கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் பலம். ஈரம் போனால் இளைக்கும். இளைத்தால் ஆடும். அதனால் பாலைவனத்தில் இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் கராஜில் தண்ணீர் ஊற்றி ஏர்கூலர் ஓட்டுவார்கள். ஆரக்கால்களுக்கு மாதம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள்.

எங்கள் வீட்டில் அதைச் செய்தவள் நான். அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து. அவர் ஓட்டும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஓட்ட முடியாமல் போனபிறகு, கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இது உன் கார், வெர்னா" என்பார். பலமுறை சொன்னார். அதை நம்பியதில் என் பக்கம் தவறு இல்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் இறந்தார். வக்கீல் உயிலை வாசித்தார். வீடு எனக்கு. கார் ரஸலுக்கு.

ரஸல் என் தம்பி. சிகாகோவில் பல் மருத்துவர். கிறிஸ்துமஸுக்கு வருவான், இரண்டாம் நாளே இந்தக் காய்ந்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பான். கார் எனக்கு வேண்டும் என்று அவனிடம் கேட்டேன். என் ஆயுளில் அவனிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"முடியாது வெர்னா. அதைத் தானமா குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"கடைசியில அப்பாவைப் பாத்துக்கிட்டாங்களே, அந்த இல்லத்துக்கு. அவங்க ஏலத்துல விட்டு நாலு நோயாளிக்குச் செலவு பண்ணுவாங்க."

"நான் ஏலம் விடமாட்டேன். வச்சுக்குவேன்."

"வச்சுக்கிட்டு? அந்தச் சக்கரத்துக்கு நீ எண்ணெய் தேய்ச்சது போதும். ஒரு மனுஷனுக்குத் தேய்ச்சிருந்தா இந்நேரம் கல்யாணமாவது ஆகியிருக்கும்."

சிரித்தான். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் அப்படிப் பேசிக்கொள்வது வழக்கம்.

ஏப்ரலில் கூலரை நிறுத்தினேன். எனக்கில்லாத பொருளுக்கு நான் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும்? எண்ணெய் பூசுவதையும் விட்டேன். கவனியுங்கள், நான் எதையும் செய்யவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன். மே மாதத்தில் கராஜ் கதவில் கை வைக்க முடியவில்லை. அவ்வப்போது உள்ளே போய் ஆரக்கால்களை விரலால் அசைத்துப் பார்ப்பேன். ஆடும் பல்லைப் போல அசைந்தன.

ஜூன் தொடக்கத்தில் ரஸல் தொலைபேசியில் கூப்பிட்டான். "சக்கரத்துல பெயிண்ட் மங்கியிருக்கும்ல? போட்டோல்லாம் எடுப்பாங்க. உன்னளவுக்கு எவனும் சுத்தமா செய்யமாட்டான். கொஞ்சம் பாத்து வை."

பார்த்து வைத்தேன். ஆரக்கால்களின் அடியில் தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. பெயிண்டர்கள் விரிசலில் பூசும் பட்டி வைத்து அடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேலே வெண்ணெய் நிறத்தில் இரண்டு பூச்சு. உங்கள் மேசையில் இருக்கும் மரத்துண்டில் சாம்பல் நிறமாகத் தெரிவது அந்தப் பட்டிதான். மறைக்க வேண்டும் என்று வைத்ததல்ல. அவன் சுத்தமாகக் கேட்டான்.

அடுத்த வாரம் அவன் அழைத்துவந்த ஆட்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், பிரேக்கைப் பார்த்தார்கள், டயருக்குக் காற்றடித்தார்கள். நல்ல ஆட்கள். இரும்புச் சக்கரத்தில் பழகியவர்கள். சக்கரங்களைப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள்.

காரைக் குடும்பத்தாரே ஓட்டிக்கொண்டுபோய் இல்லத்தின் வாசலில் ஒப்படைப்பது என்று ஏற்பாடு. நோயாளிகளைச் சக்கர நாற்காலிகளில் வெளியே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். அன்று காலை இல்லத்திலிருந்து கோரீன் ரொமேரோ வந்தார். அப்பாவுக்குக் கடைசி வரை முகம் துடைத்துவிட்டவர். எனக்காக எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவந்திருந்தார்.

"முன்னாடி நீங்க உக்காருங்க வெர்னா. அது உங்க இடம்தானே."

"செருப்பு கடிக்குது, மாத்திட்டு வரணும். நீங்க உக்காருங்க கோரீன். நான் என் வண்டியில பின்னாடியே வரேன்."

"அப்ப கேக்கை உள்ள வச்சுட்டு வந்துடறேன். ரஸல் அதையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. பல் டாக்டருங்க இனிப்பு தின்னலாமா?"

அவர் வீட்டுக்குள் போனார். அப்போது ரஸல் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"ஒண்ணு சொல்லணும். இது நானா எடுத்த முடிவு இல்ல. அப்பா சொன்னது."

"எதை?"

"குடுத்துடச் சொன்னாரு. 'அது இருக்கிற வரைக்கும் அவ அந்தக் கராஜை விட்டு வெளிய வரமாட்டா ரஸ். அவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால குடுக்க முடியாது, நீ குடுத்துடு'ன்னாரு. உன்கிட்ட சொல்லவேண்டாம்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது உன் கார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் முட்டி போட்டு ஒவ்வொரு ஆரக்காலாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ரஸல்மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா சொன்னதைத்தான் அவன் செய்தான்.

கோரீன் வந்து ஏறிக்கொண்டார். கார் வாசல் சரிவில் மெல்ல இறங்கியது. முன் சக்கரத்தில் சத்தம் கேட்டது. விரல் சொடக்குவதுபோல, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று. ரஸல் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"வெர்னா, ஏதோ சொடக்கு விழுதே. என்ன அது?"

அவன் கேட்டது என்னை. அந்தக் காரைப் பற்றித் தெரிந்தவள் நான் என்பதால் கேட்டான்.

"பழைய வண்டி ரஸ். ரொம்ப நாளா நின்னுது. ஓட ஓட சரியாயிடும்."

"கேட்டீங்களா கோரீன்? இவ சொல்லிட்டா சரியாத்தான் இருக்கும்."

கோரீன் எனக்குக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பின்னால் போனேன். மலையிறக்கத்தில், இடப்பக்கம் திரும்பும் வளைவில், வலது முன் சக்கரம் உள்ளே மடங்கியது. குடையை மடக்குவதுபோல. கார் வறண்ட ஆற்றுக்குள் உருண்டது. ரஸல் அங்கேயே போய்விட்டான். கோரீன் மறுநாள். கோரீனுக்காக வருந்துகிறேன். அவருடைய கேக்கை இன்னும் வெட்டவில்லை.

ஆமாம், நான் செய்ததுதான். கூலரை நிறுத்தியது, பட்டி வைத்தது, சரியாகிவிடும் என்று சொன்னது, மூன்றும். வக்கீல் வேண்டாம்.

அப்பாவைப் பற்றி ரஸல் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்களைத் தடுத்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். தடுத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் எழுந்தபோதே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அந்தக் காருக்குள், கதவுத் தூணில், பூ வைக்கும் சின்னக் குடுவை ஒன்று உண்டு. அதை மட்டும் முந்தின நாள் மாலையே கழற்றி, துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். மெல்லிய கண்ணாடி. உருண்டால் தாங்காது.