பதினொன்றாம் தேதியில் முப்பது டிக்

மேடையில் இருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே, முன்வரிசையில் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா அவர்களே, நம் குடியிருப்பு மக்களே, வணக்கம்.

நான் தண்ணீர்த் தொட்டிக்காரன். இந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. நான்கு நாள் ஆனது. அறுபத்தெட்டு வயதில் எழுதுகிறேன்! அந்தச் சந்தோஷம் தாளவில்லை. ஆனால் எழுதியதை வாசிக்க வெட்கமாக இருக்கிறது.

நம் டாக்டரம்மா! இன்னும் டாக்டர் ஆகாத டாக்டரம்மா! வீடு வீடாகத் தடுப்பூசிக் கணக்கெடுத்தது யார்? ஊசிக்குப் பயந்த கிழவர்களைத் திட்டித் திட்டி முகாமுக்கு இழுத்துப் போனது யார்? போன வாரம் அப்படியொரு முகாமுக்குப் போகும் வழியில்தான் லாரி மோதிப் போய்விட்டாள்.

போன வருடம் ஒன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? அன்று அவள் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தாள். தொட்டியில் கிருமி மருந்து கலந்திருந்தால் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் போட்டதும் தினமும் ஒரு டிக் போட வேண்டிய அட்டை.

“தாத்தா, இன்னைக்குத் தேதி பதினொண்ணு. முப்பது வரைக்கும் டிக் இருக்கே?”

“முன்கூட்டியே போட்டுட்டேம்மா.”

“மருந்தையா, டிக்கையா?”

அவளே ஏணியில் ஏறி மருந்து கலந்தாள். “அதிகாரிகிட்ட நீங்களே சொல்லிடுங்க தாத்தா” என்றாள். “நாளைக்கே சொல்றேம்மா” என்றேன்.

ஐந்து நாள் உப்புச் சர்க்கரைத் தண்ணீரோடு வீடு வீடாக ஓடினாள். நான்காம் நாள் அவளுக்கு மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அன்று ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் நின்றாள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். “ஊர் சுத்தினா பரீட்சை எழுத முடியுமா?” என்று பேசினோமே! நானும் தலையாட்டினேனே! அம்மா, நீங்கள் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

“இனிமே டிக் வேணாம், தேதியும் நேரமும் எழுதுங்க” என்றாள்.

“எழுத வராதே?”

“கத்துக்குங்க. முப்பது நாளையும் ஒரே நாள்ல எழுத உங்களுக்குச் சோம்பலா இருக்கும்!”

எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு நாளும், எழுந்து போகும்போது கேட்பாள்: “சொல்லிட்டீங்களா தாத்தா?”

“நாளைக்கு.”

அம்மா, உங்கள் மகள் தேர்வைக் கோட்டை விடவில்லை. நான் பறித்தேன். அதிகாரி அவர்களே, இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். என்னை நீக்குவது உங்கள் முடிவு. ஆனால் அந்த வேலையை யார் பார்த்தாலும் அட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய குப்பி இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் வந்து சோதிக்கட்டும். இன்று காலை ஐந்து நாற்பதுக்கு மருந்து போட்டேன். எழுதியிருக்கிறேன். மஞ்சள் வந்தது.

சொல்லிட்டேம்மா.