முன்னால் போன வண்டி

இரவு வண்டி எடுக்கிற நாட்களில் நான் சோறு சாப்பிடுவதில்லை. இரண்டு இட்லி, ஒரு டீ, அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் கண் சொருகும். முன்னால் போகிறவனுக்குக் கண்தான் முக்கியம். கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், சார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால் அந்த இட்லியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் ஸ்டீவன். ஊர் கவரைப்பேட்டை. தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் பதினொரு வருடமாக வேலை. ஒரு பழைய ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறேன். அதன் என்ஜினை மூன்று முறை நானே பிரித்துக் கோத்தேன். எங்கள் குழுவை ஆரம்பித்தவனும் நான்தான். ஜப்பான் கார்களை வாங்கி, உயரத்தைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிற பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பாலத்தடி டீக்கடையில் கூடுவோம். நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டாமல் வரிசையாகக் கும்மிடிப்பூண்டி வரை போவோம். பிறகு தொழிற்பேட்டையின் பின்பக்கம், விளக்கே இல்லாத மூன்று கிலோமீட்டர் நேர்சாலை. அங்கே மட்டும் ஒவ்வொருவராக, முழு வேகத்தில். அது சட்டவிரோதம் என்று தெரியும். அந்த வழக்கையும் சேர்த்தே போட்டுக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். முதலில் நான் மெதுவாகப் போய்ச் சாலையைப் பார்ப்பேன். இதற்கு எங்களிடம் லீட் என்று பெயர். மாடு, பள்ளம், நின்றுபோன லாரி, எதுவானாலும் வாக்கி டாக்கியில் சொல்வேன். ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் எல்லாம் சரி, வரலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆளாளுக்கு உள்ளே புகுந்து அரட்டையடித்ததில் ஒருமுறை நான் சொன்னது யார் காதிலும் விழாமல் ஒரு நாய் அடிபட்டுச் செத்தது. அன்றைக்கு நான் போட்ட சட்டம்: லீட் வாய் திறக்கவில்லை என்றால் சாலை சுத்தம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாவது வண்டி கிளம்பலாம். அதன்பிறகு ஆறு வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

இரண்டாவது வண்டி எப்போதும் அன்புராஜுடையது. பொன்னேரிப் பக்கம் நிலபுலன் உள்ள தணிகாசலத்தின் மகன். வெள்ளை மிட்சுபிஷி. எட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைத் தாழ்த்தியதும், டர்போவுக்குத் தெம்பு ஏற்றியதும் நான்தான். கூலி என்று ஒன்றும் வாங்கவில்லை, சிநேகிதத்துக்காகச் செய்தேன். என் அம்மா விக்டோரியா அவர்கள் கழனியில் நடவு நட்டவள். அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை. அவன் என்னை ஸ்டீவா என்பான், நான் அவனை அன்பு என்பேன். நல்லவன், சார். செத்துப்போனான் என்பதற்காகச் சொல்லவில்லை.

சம்பவத்துக்கு முந்தைய மாதம் சென்னையிலிருந்து புதிதாக நாலு பேர் வந்தார்கள். வெள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, இதைச் செய்தது யார் என்று கேட்டார்கள். அன்புராஜ் என் தோளில் கை போட்டான்.

“இவன் நம்ம ஊட்டு ஆளு. இவங்க அம்மா நம்ம கயினில தான் நடவு நட்டுக்கினு இருந்துச்சி.”

அன்பாகத்தான் சொன்னான். பெருமையாகக்கூடச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த நாலு பேரில் ஒருவர் சாவியை என்னிடம் நீட்டி, தன் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். நிறுத்திக் கொடுத்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் முடிவானது. அடுத்த மாதம் மட்டும் நான் லீட், அதற்குப் பிறகு அன்புராஜ் என்றார்கள். புதியவர்களுக்கு அவன் வண்டி முன்னால் போனால் பார்க்க நன்றாக இருக்குமாம். எல்லோரும் கை தூக்கினார்கள். கடைசி வண்டி ஓட்டுகிற மோனிகாவும் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

இதனால்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்கிற வேலை கோணலாகப் போகும். என்னுடையது அப்படிப் போகவில்லை.

அன்றிரவு நேர்சாலையில் நாற்பதில் போனேன். பாதி தூரத்தில் இரும்புத் தகடு ஏற்றிய டிரெய்லர் ஒன்று, அச்சு முறிந்து, சாலையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. பின்விளக்கு இல்லை. பின்பக்கம் முழுக்கப் புழுதி அப்பியிருந்தது. இடது ஓரத்து மண்ணில் இறங்கி அதைக் கடந்தேன். வாக்கி டாக்கி என் மடியில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. சாலை முடிகிற சிறுபாலத்தில் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கண்ணாடியை இறக்கினேன்.

ஐந்தாவது நிமிடம் அவன் கிளம்பினான். அந்த என்ஜினை நான் செய்ததால் சத்தத்திலேயே கியர் தெரியும். இரண்டு, மூன்று, நாலு. பிரேக் பிடித்த சத்தம் வரவே இல்லை, சார். அவ்வளவு நம்பினான் என்னை.

முதலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் அவன் கதவை நெம்பியவன் நான்தான். கருமாதிக்குப் போனபோது தணிகாசலம் என்னைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் மேல தப்பில்ல நைனா” என்றார். நான் தலையாட்டினேன்.

அதோடு போயிருக்கும். வெளியே வந்தபோது மோனிகா செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நீ பாக்காம உட்டுட்ட, ஸ்டீவா. பரவால்ல, யாருக்கும் வர்றது தான்.”

அந்தப் பரவால்லதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘முன்சென்ற வாகன ஓட்டுநர் இருட்டில் கவனிக்கத் தவறியதாகத் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எச்சரிக்கை எதுவும் வைக்காமல் வண்டியை நிறுத்தியதாக டிரெய்லர் டிரைவர் வரதனை உள்ளே போட்டிருக்கிறீர்கள். கல் வைத்தேன், கிளை போட்டேன் என்று அவர் அழுதாராம். எல்லா லாரிக்காரனும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டீர்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அன்று இரவு எட்டரை மணிக்கே, குழு கூடுவதற்கு முன்னால், நான் தனியாக வந்து சாலையைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பார்ப்பேன், அது யாருக்கும் தெரியாது. டிரைவர் மெக்கானிக்கைத் தேடி ஊருக்குள் போயிருந்தார், நாங்கள் வரும்வரை திரும்பவில்லை. டிரெய்லருக்கு நூறு அடி பின்னாலிருந்தே ஒன்பது கல் வரிசையாக இருந்தது, சுண்ணாம்பு தடவி. நாலு வேலிக்காத்தான் கிளை. நேர்த்தியான வேலை. ஒவ்வொரு கல்லாகத் தூக்கிக் கால்வாய்க்குள் இறக்கி வைத்தேன். இப்போதும் அங்கே கிடக்கும். கிளையை இழுத்தபோது முள் குத்தியது. தழும்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வண்டிகள் தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான். ஒரு கல் போதும், அடிப்பாகம் கிழிந்துவிடும். சாலையைச் சுத்தமாக வைத்திருப்பது லீடின் வேலை. நான் என் வேலையைச் செய்தேன்.

வரதனை அனுப்பிவிடுங்கள். அவருக்குப் பதில் நான் இருக்கிறேன். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்க வேண்டும். கவனிக்கத் தவறியதாக எழுதாதீர்கள். அந்தச் சாலையில் நான் எதையும் தவறவிட்டதில்லை. என்னைவிட நல்ல லீட் எங்கள் குழுவுக்குக் கிடைத்ததில்லை, சார். அன்புராஜைக் கேட்டிருந்தால் அவனும் அதையேதான் சொல்லியிருப்பான்.