கோதுமை தின்று மிதந்தவர்

யுத்தத்தில் பர்மா அரிசி வராமல் போய், ரேஷனில் கோதுமை போட்ட காலம். தூத்துக்குடியில் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். சின்னவள் பெரியவளிடம் சொன்னாள்:

"கோதுமை தின்னதுலேருந்து எங்க வீட்டு ஆளு கடல்ல முங்க மாட்டேங்காரு மயினி. மிதக்காரு."

புருஷன் சங்கு குளிக்கிறவராம்.

"என்னளா சொல்லுத?"

"ராத்திரி கோதுமைக்களி தின்னா காலையில மூஞ்சி, காலு எல்லாம் நீர் கோத்து வீங்கிருது. ரெண்டு நாள் அரிசிக்கஞ்சி குடிச்சா வத்திருது. திரும்பக் கோதுமை, திரும்ப வீக்கம்."

"நீர் கோத்தா கனம்லா கூடும்? நல்லா தாழணுமே!"

"கனமும் கூடத்தான் செய்யுது. உப்பு நிறுக்குற தராசுல ஏத்திப் பாத்துட்டோம். ஆனா வயிறு காத்தடச்ச பந்து மாதிரில்லா இருக்கு! கல்லைப் பிடிச்சி எறங்குனாலும் பாதியில மேல வந்துருதாரு."

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"பொறவு பொழப்புக்கு?"

"வள்ளத்துலயே நின்னு முங்குற ஆளுவளுக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிட்டாவ."

அதற்குள் கடைக்காரர் கூவினார்: "இன்னைக்கு அரிசி வந்திருக்கு!" எல்லோரும் முண்டினோம். அவள் முறை வந்தது.

"அண்ணாச்சி, எனக்குக் கோதுமையே போடுங்க."

"ஏளா, கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?" என்றாள் பெரியவள்.

அவள் பையை விரித்துப் பிடித்தாள்.

"அவரு முங்கப் போற நாள்லாம் அடுப்படியில நானும்லா மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். இப்பத்தான் மயினி மூச்சு விடுதேன்."