மைத்துனர் எழுதாத பாட்டு

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, உறங்கும் பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி வந்திருக்கும் தாய்மார்களே, பாடிப் பிழைக்கும் என் தோழர்களே, வணக்கம்!

ஒரு பாட்டுக்குள் உடைமைகள் இரண்டு. சொல்லும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. வானொலியில் ஒலித்தாலும் கைப்பேசியில் ஒலித்தாலும் இரண்டுக்கும் தனித்தனியே ராயல்டி என்னும் உரிமைத்தொகை பிறக்கும். பிறக்கிறது, உரியவர் வீடு வந்து சேர்கிறதா? அதுதான் என் ஐயம்!

என் தங்கை தையல்காரி, பாட்டும் எழுதுவாள். அவள் பாட்டுகளைப் பதிந்த ஒலிப்பதிவுக்கூட முதலாளி, "உனக்கெதுக்கும்மா அலைச்சல்? ராயல்டி சங்கத்துல பதியறதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். இவ்வளவு இனிப்பாய்ப் பேசுகிறாரே, பார்த்துக்கொள் என்று தங்கையை எச்சரித்தேன்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டா எப்படிண்ணா?" என்றாள் தங்கை. எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டாள்.

அவற்றில் ஒரு பாட்டு பறந்தது! பேருந்தில் ஒலித்தது, முடிதிருத்தகத்தில் ஒலித்தது, பல் மருத்துவரிடம் வாயைப் பிளந்து கிடந்த என் காதிலும் ஒலித்தது! சிரிக்காதீர்கள் அம்மா, அன்று எனக்கு வலித்தது பல் அல்ல. ராயல்டி மட்டும் வரவே இல்லை.

ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்குப் போனோம். எழுத்தர் கணினியைப் பார்த்து, "இந்தப் பாட்டை எழுதினவர் வேற ஆளுங்க" என்றார். யார் அந்தக் கவிஞர்? முதலாளியின் மைத்துனர்!

சங்கம் இருதரப்பையும் அழைத்தது. "நான்தான் எழுதினேன்" என்று மைத்துனர் மார்தட்டினார். தங்கை கைப்பேசியில் ஒரு பதிவை ஓடவிட்டு மேசைமேல் வைத்தாள். மெட்டு பிறந்த அன்று அவள் அடுப்படியில் பதிந்தது அது. ஒரே சொல்லை மாற்றி மாற்றிப் பாடிப் பார்க்கும் குரல், நடுவே குக்கர் விசில், "ஏங்க, அந்த அடுப்பை அணைங்களேன், மெட்டு ஓடிப்போவுது!" என்று கணவரை அதட்டும் குரல்!

மைத்துனர் முதலாளி பக்கம் திரும்பினார். "மாமா, பேரை மட்டும் குடு, ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லும் மெட்டும் தங்கை பெயருக்குத் திரும்பின. ஒலிப்பதிவு இன்னும் முதலாளியுடையதுதான். அதைப் பதியச் செலவழித்தவர் அவர். வெற்றிதானே என்று நான் பூரித்தேன். அவளோ சங்கத்து வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, என் மத்த பாட்டெல்லாம் யார் பேர்ல இருக்கு?"

திரும்ப உள்ளே ஓடினோம். இன்னும் இரண்டு பாட்டுகள், அதே மைத்துனர் பெயரில்!

தோழர்களே, உங்கள் பாட்டு யார் பெயரில் இருக்கிறது? தெரியுமா? பார்த்தீர்களா? பிறர் சொன்னதை நம்பினீர்களா? சொன்னவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை காலை போங்கள், கேளுங்கள், உங்கள் கண்ணால் பாருங்கள்!

செவி சாய்த்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.