ஒன்றும் தெரியாத ஆள்

காசிமேட்டில் ஏறிய புருஷனும் பெண்டாட்டியும் எண்ணூர் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்கள். வெளியே கடலும் பனியும் ஒன்றாகக் கிடந்தன.

"கராத்தே மாஸ்டர் ஆவணும்னா, ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தர் வேணும்யா," என்றாள் அவள்.

"பிளாக் பெல்ட்டு வாங்கிட்ட. முதலுதவி சர்ட்டிபிகேட்டும் கீது. இன்னும் இன்னாமே?"

"பரீச்சையில புது ஆளுக்கு நிக்கக் கத்துக் குடுத்துக் காட்டணும். போன தபா நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு வெறச்சிக்கினு வுழுந்துட்சி. நான் பெயிலு. ஞாயித்துக்கெழமையும் அப்டி ஆச்சின்னா அவ்ளோதான்."

"என்னிய இட்டுகினு போ. எனக்கு இன்னா தெரியும்?"

பஸ் சட்டென்று பிரேக் போட்டது. எல்லாரும் சாய்ந்தோம். அவன் மட்டும் கம்பியைப் பிடிக்காமலே, படகில் நிற்கிறவன்போல நின்றான்.

"நீ சரிப்பட மாட்டய்யா. ஒனக்குத்தான் நிக்கத் தெரியுதே!"

சிரித்தவள், அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கோ சொல்வதுபோல மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"கீழ தண்ணின்னு நெனச்சிக்கோ. அலை வருது... முட்டிய லூசா வுடு... அலை போவுது..."

அடுத்த பிரேக்கில் நான் சாயவில்லை. புடவைக்குள் என் முழங்கால் தானாக மடிந்து நிமிர்ந்தது.

அவளுக்கு அது தெரியாது.